தலைக்கணக்கு – 14: கூன்வண்டுக்குக் கிடைத்த மரியாதை

1903-ஆம் ஆண்டு. நியூயார்க் நகரின் ஹென்றி தெரு. ருஷ்யாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கப்பலேறி வந்த குடும்பங்கள் காற்றோட்டமில்லாத அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அங்கே லில்லியன் வால்ட் என்ற செவிலியர் ஒரு சேவை இல்லம் நடத்திவந்தார். குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிவந்த ஃப்ளாரன்ஸ் கெல்லியும் அந்த இல்லவாசிதான். அங்கே அரசியல் பெரும்பாலும் காலைச் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கும்.

ஒரு நாள் தபாலில் ஒரு கடிதம் வந்தது. கோடை வந்தால் இத்தனை குழந்தைகள் சாகின்றனவே, யாரும் எதுவும் செய்ய மாட்டார்களா என்று கேட்டிருந்தார்கள். அதே நாள் செய்தித்தாளில் ஒரு செய்தி. மெக்சிகோவிலிருந்து டெக்சஸுக்குள் புகுந்து பருத்திக் காய்களைத் துளைத்துக்கொண்டிருந்த கூன்வண்டு என்ன சேதம் செய்திருக்கிறது என்று பார்க்க, வேளாண் துறை அமைச்சரே தெற்கே புறப்படுகிறாராம். பருத்திக்கு ஆள் அனுப்பும் அரசு பிள்ளைகளுக்கு ஆள் அனுப்பினால் என்ன என்ற கேள்வி அந்த மேசையில் எழுந்தது.

இதுபோன்ற தொடக்கக் கதைகள் சொல்லச் சொல்ல மெருகேறும். இதுவும் கொஞ்சம் ஏறியிருக்கலாம். ஆனால் கேள்விக்குப் பின்னால் இருந்த நிலைமை மெய். எத்தனை பொதி பருத்தி விளைந்தது, எத்தனை போயிற்று என்று வாஷிங்டனில் உடனே சொல்லிவிடுவார்கள். அந்த ஆண்டு நாட்டில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

சென்ற இதழில் 1790 கணக்கெடுப்பைப் பார்த்தோம். அதில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட வெள்ளை ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் தனிப் பத்தி. பெண்பிள்ளைகளுக்கு வயதே இல்லை. பாட்டியும் பேத்தியும் ஒரே பத்தி. கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் அடிமைகள் என்ற மொத்தக் கணக்கில் கரைந்துபோனார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் படிவம் வளர்ந்தது. 1850-இலிருந்து அடிமைகள் தவிர மற்ற ஒவ்வொருவரின் பெயரும் வயதும் ஏறின. 1900-இல் தாய்மார்களிடம் எத்தனை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்றுகூடக் கேட்டார்கள். ஆனால் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒரு முறை வருவது. 1901-இல் பிறந்து 1902-இல் இறந்த குழந்தை இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே வந்து போய்விடும். அரசின் காகிதத்தில் அது வரவும் இல்லை, போகவும் இல்லை.

பிறப்புப் பதிவு மாநிலங்களின் பொறுப்பு. மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்கள் ஒழுங்காகச் செய்தன. தெற்கிலும் மேற்கிலும் பல மாநிலங்களில் பெயரளவுக்குக்கூட இல்லை. இறப்பைப் பதிவதில் ஓரளவு அக்கறை இருந்தது. பிணத்தைப் புதைக்க அனுமதிச் சீட்டு வேண்டுமே! பிறப்புக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. விளைவு விசித்திரமானது. எத்தனை சிசுக்கள் இறந்தன என்பது அரைகுறையாகத் தெரியும். எத்தனை பிறந்ததில் அத்தனை இறந்தன என்பது தெரியாது. ஆண்டுக்கு 3,00,000 சிசுக்கள் ஒரு வயதுக்குள் இறக்கின்றன என்று ஒரு மதிப்பீடு உலவியது. மதிப்பீடுதான்.

வால்டின் யோசனை குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் காதுக்கு எட்டியது. நேரில் வந்து சொல்லுங்கள் என்று அவர் தந்தியடித்தார். 1906-இல் மசோதா நாடாளுமன்றத்துக்குப் போனது. 1909 ஜனவரியில் வெள்ளை மாளிகையில் ஆதரவற்ற குழந்தைகள் பற்றி ஒரு மாநாடே கூடியது. ஆனாலும் மசோதா ஆறு ஆண்டுகள் உறங்கியது. மாநில உரிமையில் மத்திய அரசு கைவைக்கிறது என்றார்கள் சிலர். வீட்டுக்குள் அரசு ஆள் நுழைந்து, பிள்ளை வளர்ப்பைப் பெற்றவர்களுக்கே சொல்லிக்கொடுப்பானா என்றார்கள் வேறு சிலர். கடைசியில் 1912 ஏப்ரல் 9 அன்று குடியரசுத் தலைவர் வில்லியம் டாஃப்ட் கையெழுத்திட்டார். பிறந்தது ‘குழந்தைகள் பணியகம்’.

அந்தச் சட்டத்தை இன்று படித்தால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். எல்லா வகுப்புக் குழந்தைகளின் வாழ்வையும் நலனையும் பற்றி ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். சிசு மரணம், பிறப்பு விகிதம், அநாதை இல்லம், சிறார் நீதிமன்றம், ஆபத்தான தொழில்கள் எல்லாம் அதில் அடக்கம். கூடவே ஒரு வரி: குடும்பத் தலைவர் ஆட்சேபித்தால் பணியகத்தார் எவரும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. ஒரு குழந்தைக்குப் பால் வாங்கித் தரவோ மருந்து கொடுக்கவோ அதிகாரம் கிடையாது. கேட்கலாம், எண்ணலாம், அச்சிடலாம். அவ்வளவுதான். ஊழியர்கள் 15 பேர். ஆண்டுக்குப் பணம் 25,640 டாலர்.

தலைமைக்கு வந்தவர் ஜூலியா லேத்ராப். அமெரிக்க மத்திய அரசில் ஒரு பணியகத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். இல்லினாய் மாநிலத்துக்காரர், சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். பணியகத்துக்கு வரும் முன்பே மாநில அறநிலைய வாரியத்துக்காக இல்லினாயின் 102 மாவட்டங்களிலும் இருந்த ஏழைகள் விடுதிகளை நேரில் பார்த்துவிட்டு வந்தவர். பார்க்காமல் எழுதுவது அவருக்குப் பழக்கமில்லை. எண்ணும் அதிகாரம் மட்டுமே கொடுத்திருக்கிறார்களா? சரி, எண்ணியே காட்டுவோம் என்று இறங்கினார்.

முதல் ஊர் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன். 1889-இல் அணை உடைந்து 2,200-க்கு மேற்பட்டோரை வெள்ளம் கொண்டுபோன அதே ஊர். இப்போது எஃகு ஆலையும் நிலக்கரியுமாகப் புகைந்துகொண்டிருந்தது. அளவான ஊர், பதிவேடு ஓரளவு நம்பத்தக்கது என்பதுதான் தேர்வுக்குக் காரணம். 1913 ஜனவரியில் பெண் கள அலுவலர்கள் போய் இறங்கினார்கள்.

அவர்கள் செய்ததில் ஒரு புதுமை இருந்தது. அதுவரை சிசு மரணத்தை ஆராய்ந்தவர்கள் இறந்தவர் பட்டியலிலிருந்து தொடங்குவார்கள். லேத்ராப் பிறந்தவர் பட்டியலிலிருந்து தொடங்கச் சொன்னார். 1911-இல் அந்த ஊரில் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் தேடிப் போவது. முதல் பிறந்தநாளைக் கண்டதா இல்லையா, எப்படி வளர்ந்தது, வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அப்பாவுக்கு என்ன கூலி என்று தாயிடமே கேட்பது. பதிவேட்டில் இல்லாத குழந்தைகளைக் கண்டுபிடிக்கத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவுகளைப் புரட்டினார்கள். குடியேறிய ஸ்லாவியத் தாய்மார்கள் பலருக்கு ஆங்கிலம் வராது. மருத்துவச்சி கையில் பிள்ளை பெற்றவர்கள் அவர்கள். நகரசபைக் காகிதத்தில் ஏற வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு எழுந்ததில்லை. ஆட்சேபித்தால் நுழையக் கூடாது என்று சட்டம் சொன்னதே, கதவைச் சாத்தியவர்கள் மிகக் குறைவு.

எம்மா டியூக் எழுதிய அறிக்கை வெளிவந்தது. உயிரோடு பிறந்தவை 1,463. ஓராண்டுக்குள் இறந்தவை 196. ஆயிரத்துக்கு 134. ஆனால் அந்தச் சராசரிக்குள் இரண்டு ஊர்கள் ஒளிந்திருந்தன. தந்தையின் ஆண்டு வருமானம் 521 டாலருக்குக் குறைவான வீடுகளில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 256 குழந்தைகள் இறந்தன. 1,200 டாலரும் அதற்கு மேலும் சம்பாதித்தவர்கள் வீட்டில் 84. ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த வுட்வேல் வட்டாரத்தில் 271. அங்கே தெருவுக்குக் கல் பாவவில்லை. சாக்கடை வசதி ஒழுங்காக இல்லை. கழிவு வாசலில் தேங்கி நின்றது.

தாய்மார்களின் அறியாமையால் குழந்தைகள் சாகின்றன என்பது அன்றைய பெரிய மனிதர்களின் சௌகரியமான நம்பிக்கை. கூலிச் சீட்டையும் சாவுக் கணக்கையும் அருகருகே வைத்தபோது அந்தச் சௌகரியம் போயிற்று. பணியகம் அதோடு நிற்கவில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர், மாசசூசெட்ஸின் பிராக்டன், நியூ பெட்ஃபோர்ட், பிறகு பால்டிமோர் என்று அடுத்தடுத்த ஊர்களிலும் இதே வேலை. எங்கே போனாலும் வருமானம் குறையக் குறையச் சிசு மரணம் ஏறியது.

ஒவ்வோர் ஊரிலும் முதல் தலைவலி ஒன்றே: பிறந்தவர் பட்டியல் ஓட்டையாக இருந்தது. ஆகவே பிறப்புப் பதிவே தனி இயக்கமாயிற்று. 15 பேரால் நாட்டை எண்ண முடியாது. மகளிர் மன்றங்களின் கூட்டமைப்பு கைகொடுத்தது. உறுப்பினர்கள் தங்கள் தெருவில், தங்கள் கிராமத்தில் புதிதாய்ப் பிறந்த குழந்தைகளின் பெயர்களை வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பட்டியலோடு பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், இவற்றில் எத்தனை உங்கள் ஏட்டில் இருக்கின்றன என்று பார்த்தார்கள். பதிவாளர்களுக்கு இந்த விருந்தாளிகள் எவ்வளவு இனித்திருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சான்றிதழ் எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் ஆலை வாசலில் இருந்தது. 1916-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், ஆலைகளில் 14 வயதும் சுரங்கங்களில் 16 வயதும் நிரம்பாதவர்களை வேலைக்கு வைத்தால் அங்கே உற்பத்தியாகும் சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பத் தடை போட்டது. அமல்படுத்தும் பொறுப்பு பணியகத்துக்கு வந்தது. அதைக் கவனித்தவர் கிரேஸ் ஆபட். தென்மாநிலப் பஞ்சாலைகளில் அவருடைய ஆய்வாளர்கள் நின்றபோது, எதிரே ஒரு சின்னப் பையன். வயது 14 என்பார் அப்பா. பையனைப் பார்த்தால் 11. பிறப்புப் பதிவு இல்லை. பிறகு ஞானஸ்நானச் சீட்டைத் தேடு, வீட்டு விவிலியத்தின் உட்பக்கத்தில் எழுதிய தேதியைப் பார், காப்பீட்டுப் பத்திரம் இருக்கிறதா கேள். நம் ஊரிலும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் சேர்க்க வந்த பிள்ளையை, வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொன்னார்கள்; தொட்டால் ஐந்து வயது, ஜூன் மாதத்தில் ஒரு பிறந்தநாள். அமெரிக்க ஆலையில் கேள்வி மட்டும் வேறு. அந்தச் சட்டத்தை 1918 ஜூனில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வயதுச் சான்று இல்லாத பிரச்சினை அப்படியே நின்றது.

1915-இல் மத்திய கணக்கெடுப்புத் துறை ‘பிறப்புப் பதிவு வட்டாரம்’ என்று ஒன்றை அறிவித்திருந்தது. பிறப்புகளில் 90 விழுக்காடாவது பதிவாகிறது என்று காட்டினால்தான் ஒரு மாநிலத்துக்கு அதில் இடம். தொடக்கத்தில் தேறியவை பத்து மாநிலங்களும் தலைநகர் வட்டாரமும் மட்டுமே. நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குகூட அதற்குள் வரவில்லை.

இதற்கிடையே பணியகத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. கர்ப்ப காலப் பராமரிப்பு பற்றி 1913-லும் சிசு வளர்ப்பு பற்றி 1914-லும் அது வெளியிட்ட சிறு நூல்கள் சமையலறைகளுக்குள் போயிருந்தன. மருத்துவரிடமிருந்து 65 மைல் தொலைவில் தனியே வாழ்ந்த வயோமிங் மாநிலக் கர்ப்பிணி ஒருவர், இந்தப் பிரசவத்தில் செத்துவிடுவேனோ என்று பயந்து எழுதினார். லேத்ராப் தாமே பதில் எழுதினார். உதவிக்கும் ஏற்பாடு செய்தார். அந்தப் பணிக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல.

முதல் உலகப் போர் ஒரு வாய்ப்பைக் கொண்டுவந்தது. படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களில் பலர் உடல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதில் எவ்வளவு சிறுவயதிலேயே சரிசெய்யக்கூடிய குறை என்ற பேச்சு கிளம்பியது. அமெரிக்கா போரில் இறங்கிய முதலாண்டு நிறைவில், 1918 ஏப்ரல் 6 அன்று, ‘குழந்தைகள் ஆண்டு’ தொடங்கியது. இலக்கு: 1,00,000 குழந்தைகளின் உயிரைக் காப்பது. முதல் வேலை: பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறு பிள்ளைகள் எல்லாரையும் எடை போட்டு, உயரம் அளப்பது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் இருக்கிறார், வராவிட்டால் தேடுவார். கைக்குழந்தை மருத்துவச்சி கண்ணிலாவது படும். ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்டது வீட்டுக்குள், வயலில், தெருமூலையில் யார் கணக்கிலும் சேராமல் திரிந்தது. அந்தப் பிள்ளையை ஒரு தராசின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதுதான் 1918-இன் சாதனை. பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் தராசு வைத்தார்கள். 1 கோடியே 10 லட்சம் பெண்கள் தொண்டர்களாக உழைத்தார்கள் என்கிறது பணியகத்தின் கணக்கு. சுமார் 65 லட்சம் அட்டைகள் நிரம்பின. எடை குறைந்த பிள்ளையின் தாய்க்கு அதைச் சொன்னார்கள். மருத்துவரிடம் போகச் சொன்னார்கள். மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு, அடுத்த ஆண்டு, மருத்துவ அறையாக மாற்றிய ஒரு லாரியைப் பணியகம் அனுப்பியது. நடுவில் 1918 இலையுதிர் காலத்தில் இன்ஃபுளூயன்ஸா வந்து பாதி வேலையைக் குலைத்துப் போட்டது.

1920-இல் பெண்களுக்கு நாடு முழுக்க வாக்குரிமை வந்தது. கூன்வண்டுக் கதையைக் கேட்டுத் தலையாட்டி நகர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இப்போது காது நன்றாகக் கேட்டது. 1921 நவம்பரில் ஷெப்பர்ட்–டவுனர் சட்டம் நிறைவேறியது. தாய் சேய் நலத்துக்காக மத்திய அரசு மாநிலங்களுக்குப் பணம் கொடுத்த முதல் சட்டம் அது. மிசௌரி செனட்டர் ஜேம்ஸ் ரீட், பிள்ளை பெறாத பெண்கள் தாய்மார்களுக்குப் பாடம் எடுக்கப் போகிறார்களா என்று அவையில் கேலி செய்தார். மருத்துவர்களின் சங்கம், மருத்துவத்தை அரசுடைமையாக்கும் சதி என்று கடைசிவரை எதிர்த்தது. மாசசூசெட்ஸ் வழக்குப் போட்டுத் தோற்றது. ஆனாலும் அதுவும் இல்லினாயும் கனெக்டிகட்டும் பணத்தை வாங்கவே இல்லை. லேத்ராப்பின் சொந்த மாநிலமே வாங்கவில்லை!

மற்ற 45 மாநிலங்களில் செவிலியர்கள் குதிரையிலும் காரிலும் கிராமங்களுக்குப் போனார்கள். 1922-இல் 30 மாநிலங்கள் இருந்த பிறப்புப் பதிவு வட்டாரம் 1929-இல் 46 ஆயிற்று. தெற்கில் பாதிக்கு மேற்பட்ட கறுப்பினக் குழந்தைகளை உலகுக்குக் கொண்டுவந்தவர்கள் ஊர்க் கிழவிகளான மருத்துவச்சிகள். அவர்களைக் கூட்டிவைத்து வகுப்பெடுத்தார்கள். கைப்பையில் கண்ணுக்கு விடும் மருந்தும் பிறப்புப் படிவங்களும் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சி படிவத்தைத் தூக்கிக்கொண்டு, அண்டை அயலில் எழுதத் தெரிந்தவரைத் தேடிப் போவதும் நடந்தது.

எண்ணுவது எப்போதும் நன்மைக்கே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வர்ஜீனியா மாநிலத்தின் பிறப்பு இறப்புப் பதிவுத் துறைக்கு 1912 முதல் 1946 வரை தலைவராக இருந்தவர் வால்டர் பிளெக்கர் என்ற மருத்துவர். பதிவைப் பெருக்கியதில், மருத்துவச்சிகளைப் பயிற்றுவித்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 1924-இல் அந்த மாநிலம் கலப்புத் திருமணத்தைத் தடுக்க ‘இனத் தூய்மை’ச் சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் அவருடைய பதிவேடு வேவுக் கருவியாக மாறியது. குழந்தையை வெள்ளையர் என்று எழுதிய மருத்துவச்சிகளுக்கும் தாய்மார்களுக்கும் மிரட்டல் கடிதங்கள் போயின. அங்கே காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடிகள் எவரும் அமெரிக்க இந்தியர் இல்லை, எல்லாரும் கறுப்பினத்தவரே என்று அவர் முடிவு கட்டி, சான்றிதழ்களை அதற்கேற்பத் திருத்தினார். தங்கள் வம்சாவளியைக் காகிதத்தில் நிரூபிக்க முடியாமல் போன வர்ஜீனியப் பழங்குடிகள் ஆறுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் கிடைத்தது 2018 ஜனவரியில்தான். அதுவும் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு.

1929-இல் ஷெப்பர்ட்–டவுனர் பணம் நிறுத்தப்பட்டது. பதிவு மட்டும் நிற்கவில்லை. 1933-இல் டெக்சஸ் கடைசியாக வட்டாரத்துக்குள் வந்தது. தாய் சேய் நலத்துக்கான நிதி 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வேறு வடிவில் திரும்பி வந்தது.

1940 கணக்கெடுப்பில் ஒரு சோதனை செய்தார்கள். வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளர் கைக்குழந்தை இருந்தால் அதற்கென்று தனி அட்டை நிரப்பினார். அந்த அட்டைகளைப் பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு 92.5 குழந்தைகள் பதிவாகியிருந்தன. வெள்ளையரல்லாத குழந்தைகளில் 82 மட்டுமே. அடுத்த ஆண்டே நாடு மீண்டும் போருக்குள் போனது. ஆயுத ஆலைகள் வேலைக்கு வந்தவர்களிடம் குடியுரிமைச் சான்று கேட்டன. பதிவே இல்லாத காலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் தாங்கள் பிறந்ததை நிரூபிக்க மாநிலத் தலைநகரங்களில் வரிசை கட்டினார்கள்.

1940-இல் கணக்கெடுப்பை அளவுகோலாக வைத்துப் பிறப்புப் பதிவை அளந்தார்கள். பதிவேடு நிறைவடைந்தபின் அளவுகோல் தலைகீழானது. பிறந்தவர்கள் இத்தனை, இறந்தவர்கள் இத்தனை, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இத்தனை என்று கூட்டிக் கழித்தால் ஐந்து வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். அதைக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் விடுபட்டவர்கள் தெரிந்துவிடுவார்கள். அப்படி ஒப்பிட்டபோது, 2010 கணக்கெடுப்பில் 0–4 வயதினரில் 4.6 விழுக்காடு குறைந்திருந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் குழந்தைகள். வேறெந்த வயதினரையும் இந்த அளவுக்கு விடவில்லை.

மலையுச்சி கிராமத்தில் ஒளிந்திருந்த குழந்தைகள் அல்ல இவர்கள். பலருடைய வீட்டுக்குப் படிவம் போனது, நிரப்பியும் திரும்பியது. பிள்ளை மட்டும் அதில் இல்லை. பாட்டி வீட்டில் வளரும் பேரன், பிரிந்த பெற்றோரிடையே மாறி மாறி இருக்கும் மகள், இரண்டு குடும்பங்கள் சேர்ந்து குடியிருக்கும் வாடகை வீட்டுக் கைக்குழந்தை. 2010 படிவத்தில் முழு விவரம் எழுத ஆறு பேருக்குத்தான் இடம். ஏழாவதாக எழுத வேண்டிய பெயர் பெரும்பாலும் கடைக்குட்டியுடையது. கைக்குழந்தையை அரசு கேட்கவில்லை என்றே நினைத்த பெற்றோரும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமான ஊட்டச்சத்துத் திட்டம், மழலையர் கல்வி, குழந்தைகள் மருத்துவக் காப்பீடு என எத்தனையோ திட்டங்களின் பணம் இந்த எண்களையும் இவற்றிலிருந்து கணிக்கும் எண்களையும் பார்த்துத்தான் பங்காகிறது. விடுபட்டால் பத்தாண்டுகளுக்கு விடுபட்டதுதான். அதற்குள் அந்தக் குழந்தை மழலைப் பருவத்தையே தாண்டிவிடும்.

2020-க்கு முன்னால் எச்சரிக்கைகள் ஏராளம். கணக்கெடுப்பு நாளான ஏப்ரல் முதல் நாளன்று மருத்துவமனையிலேயே இருக்கும் பச்சிளங்குழந்தையையும் சேர்த்து எழுதுங்கள் என்று தனியே விளம்பரம் செய்தார்கள். பிறகு கொரோனா வந்தது, கதவு தட்டும் வேலை தள்ளிப்போனது. முடிவில் விடுபட்ட சின்னஞ்சிறார் விகிதம் 5 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது, 2010-ஐவிட மோசம்.

1965 கோடையில் எட்டு வார முகாமாகத் தொடங்கி நிரந்தரமாகிப்போன ‘ஹெட் ஸ்டார்ட்’ மழலையர் திட்டம் தன் குழந்தைகளை எப்படித் தேடிப் பிடித்தது என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)